படத்தைத் திருப்பிப் பார்க்கும் ரீச்சர்

இரினா சவேலியெவ்னாவின் கையில் ஒரு படத்தைக் கொடுத்தால் அவர் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். இந்த ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் டெல்சி அவரைத் தன் வீட்டுப் படியேற விட்டிருக்கவே மாட்டாள். கூப்பிட்டது அவளுமில்லை, அவளுடைய மச்சாள் அன்ரனிற்றா. ஆனால் வீடு டெல்சியின் வீடு. படம் இருந்தது டெல்சியின் வரவேற்பறையில். அந்தப் படத்தைப் பற்றிய பொய்யும் ஆறு வருடமாக டெல்சியின் நெஞ்சுக்குள்தான் கிடந்தது.

பொய் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்துக் கதை சொல்ல இது ஒன்றும் கொலை வழக்கல்ல.

ஜெர்மனியின் எசன் நகரத்தில் இருக்கும் மன்னார், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒக்டோபர் மாதம் முழுவதும் ஒரு மாதா படத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் செபமாலை சொல்வார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீடு. படம் சதாசகாய மாதா. குழந்தை யேசு எதையோ கண்டு பயந்து தாயின் கையைப் பிடித்திருக்கும், ஒரு காலின் செருப்பு கழன்று தொங்கும். எந்தக் கத்தோலிக்க வீட்டிலும் காணக்கூடிய அச்சுப்படம்தான், மெல்லிய பலகையில் ஒட்டியது. ஆனால் இது மன்னார்த் தீவின் பேசாலைக் கிராமத்திலிருந்து வந்தது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் அன்ரனிற்றா இதைத் துவாயில் சுற்றிக்கொண்டு மடுக் கோயிலுக்கு ஓடினார். அங்கிருந்து கரைக்கு வந்து படகில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், பிறகு ஜெர்மனி. படகுக்குள் கடல் ஏறியபோது பிள்ளையை இடுப்பிலும் படத்தைத் தலையிலும் வைத்திருந்ததாக அவர் சொல்வார். சொல்லாத நாளில்லை. கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அலுத்துப்போய்விட்டது.

ஒக்டோபர் முடிந்தால் படம் தம்பி வீட்டில், அதாவது டெல்சியின் பொறுப்பில் இருக்கும். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு கோடையில் வீட்டுச் சுவருக்கு நிறம் அடித்தார்கள். நாலு நாளைக்கென்று டெல்சி படத்தைக் கொண்டுபோய்க் கட்டடத்தின் அடியில் இருக்கும் கெல்லர் அறைக்குள் வைத்தாள். மூன்றாம் நாள் தண்ணீர்க் குழாய் வெடித்தது. படத்தை வெளியே எடுத்தபோது மாதாவின் முகத்தில் பாதி, கடதாசியோடு கழன்று கையில் வந்தது. டெல்சி கெல்லர் படியிலேயே குந்தியிருந்து அழுதாள். கணவன் யூட்டுக்கும் சொல்லவில்லை. யூட்டுக்குச் சொல்வதும் அவருடைய அக்காவுக்குச் சொல்வதும் ஒன்றுதான்.

இரண்டு மாதம் கழித்து, சினிமாக் கொட்டகையின் வாகனத் தரிப்பிடத்தில் நடக்கும் பழைய சாமான் சந்தையில், இறந்துபோன யாரோ ஜெர்மன் அம்மாவின் தட்டுமுட்டுச் சாமான்களுக்குள் அதே சதாசகாய மாதா கிடந்தா. மாதா தானாகவே வந்து நிற்கிறா என்று டெல்சி நினைத்தாள். அப்படி நினைத்ததற்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றும் நினைத்தாள், செய்யவில்லை. பலகை ஒரு விரற்கடை பெரிது. யூட் இல்லாத நேரம் பார்த்து மரம் அரியும் வாளால் ஓரத்தை அரிந்து, பேசாலையிலிருந்து வந்த அதே ஆழமான மரச்சட்டத்துக்குள் பொருத்தினாள். பின்பக்கத்தில் ஏதோ ஜெர்மன் முத்திரை இருந்தது. அதன் மேல் மண்ணிறக் கடதாசியை ஒட்டினாள். அந்த ஒக்டோபரில் அன்ரனிற்றா படத்தைப் பார்த்துவிட்டு, "துடைச்சனியே பிள்ளை? மாதா நல்ல வடிவாய் வந்திட்டா" என்றார். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று இருந்துவிட முடிந்ததா? பெண்கள் தங்கள் வேண்டுதலைச் சிறு கடதாசியில் எழுதி மடித்துப் படத்தின் பின்னால் செருகுவார்கள். அடுத்த வருடம், செபமாலைக்கு வரும் சுபானிக்குப் பிள்ளை கிடைத்தது. அதற்கடுத்த வருடம் பிளோறன்ஸின் தம்பி வவுனியாவில் உயிரோடு இருப்பதாகக் கடிதம் வந்தது. ஒவ்வொரு நல்ல செய்திக்கும் எல்லோரும் சந்தோசப்பட, டெல்சிக்கு மட்டும் தலை சுற்றியது. கெல்லரில் கிடப்பவ கேட்டாவா, சந்தையில் வாங்கியவ கேட்டாவா? யாரிடம் கேட்டு யார் கொடுத்தது?

இனி ரீச்சருக்கு வருவோம். டெல்சி பின்னேரங்களில் துப்புரவு வேலை செய்தது, வளர்ந்தவர்களுக்கு வகுப்பு நடத்தும் ஒரு கட்டடத்தில். மொழி, தையல், யோகாசனம், கணினி என்று அங்கே ஐம்பது வகுப்பு நடக்கும். அத்தனை ஆசிரியர்களிலும் கரும்பலகையைத் தானே துடைத்துவிட்டுப் போகிறவர் ஒருவர்தான். மெலிந்து உயர்ந்த ரஷ்யப் பெண்மணி, எந்த நாளும் அதே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அவர் துடைத்த பலகையை டெல்சி மறுபடியும் துடைக்க வேண்டியிருக்கும், நாலு மூலையும் அப்படியே இருக்கும். ஆனாலும் அந்த மரியாதை அவளுக்குப் பிடித்துப்போனது.

இருவரும் பேசியது ஜெர்மன். இருவருடைய ஜெர்மனுக்கும் கைகால் கிடையாது, அதனாலேயே ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டார்கள். டெல்சியின் காதில் அது முழுவதும் தமிழாகத்தான் விழும். ஆகையால் இங்கேயும் தமிழாகவே இருக்கட்டும்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு செப்டெம்பரில் ஒரு நாள் இரினா நடைபாதைக் கதிரையில் ஒரு கடதாசியை வெறித்தபடி இருந்தார்.

"என்ன ரீச்சர், சுகமில்லையோ?"

"எட்டுப் பேர் வேணும். மூண்டு பேர்தான் பதிஞ்சிருக்கினம். வெள்ளிக்கிழமைக்கிடையிலை எட்டு வராட்டி வகுப்பு இல்லை."

வகுப்பின் பெயர் 'படம் பார்க்கப் பழகுவோம்'. படம் பார்க்க ஏன் பழக வேண்டும், கண் இருந்தால் காணாதா என்று டெல்சிக்கு விளங்கவில்லை. ஆனால் இந்த வகுப்பும் போனால் அந்த மனுசிக்குக் கையில் ஒன்றுமில்லை என்பது விளங்கியது.

இரினா பிறந்தது நாற்பத்துமூன்றாம் ஆண்டு, யூரல் மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு வைத்தியசாலை ரயிலில். தாய் அந்த ரயிலில் மருந்து கலப்பவர். தகப்பன் போர்முனையிலிருந்து திரும்பவில்லை. லெனின்கிராட்டில் ஐந்து வருடம் ஓவிய வரலாறு படித்துவிட்டு, யூரல் பக்கத்து ஆற்றங்கரை ஊர் ஒன்றில், மூடிக்கிடந்த ஒரு பெரிய தேவாலயத்துக்குள் நடந்த அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கோடையில் படகேறிக் கிராமம் கிராமமாகப் போய், கைவிடப்பட்ட சிற்றாலயங்களிலும் வீட்டு மூலைகளிலும் இருந்த பழைய மாதா படங்களையும் புனிதர் படங்களையும் திரட்டிக்கொண்டு வருவார். மாரியில் அவற்றின் வயது, மரம், நிறம், கீறி வரைந்தவரின் ஊர் எல்லாம் கண்டுபிடித்து எழுதுவார், மாணவர்களுக்குப் படிப்பிப்பார். இருபத்தாறு வருடம், முந்நூற்றுப் பன்னிரண்டு படம். பிறகு சோவியத் நாடே இல்லாமல் போனது. தேவாலயம் தேவாலயக்காரரிடம் போனது, படங்கள் பெட்டிகளுக்குள் போயின, இரினா வீட்டுக்குப் போனார். தகப்பன் யூதர், சோவியத் யூதக் குடும்பங்களை அந்நாளில் ஜெர்மனி ஏற்றுக்கொண்டது என்பதால் தொண்ணூற்றாறில் தாயோடு ஜெர்மனிக்கு வர முடிந்தது. ஐம்பத்துமூன்று வயதில் வந்த ஓவிய வரலாற்றாசிரியரை என்ன செய்வதென்று இங்கே ஒரு அரசாங்கக் கந்தோருக்கும் தெரியவில்லை. ஆறு மாதம் கணினி பழக அனுப்பினார்கள். தாயை எசன் மயானத்தில் அடக்கம் செய்தார். மிச்சம் இருந்தது வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்த வகுப்புத்தான்.

டெல்சி தன் பெயரை எழுதினாள். பிளோறன்ஸையும் சுபானியையும் இழுத்தாள். பக்கத்து வீட்டுச் சிவகௌரி சைவக்காரி, ஆனால் எங்கே கூப்பிட்டாலும் வருவாள். அன்ரனிற்றாவிடம், "ரஷ்யாக்காரி ஒருத்தி மாதா படங்களைப் பற்றிப் படிப்பிக்கிறாவாம் மச்சாள்" என்றதும் அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். எட்டாயிற்று.

முதல் வகுப்பில் இரினா விளக்கை அணைத்துவிட்டு, படம் வீழ்த்தும் கருவியால் சுவரில் ஒரு பெரிய மாதா படத்தை விழுத்தினார். பத்து நிமிடம் ஒருவரும் கதைக்கக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும் என்றார். இதைச் சொல்லிவிட்டு அடுத்த படத்தைத் தேடித் திரும்பினார். இருட்டு அறை, சுவரில் மாதா, யாரும் கதைக்கக் கூடாது. எங்கள் ஆட்களுக்கு வேறென்ன தோன்றும்? அன்ரனிற்றா சப்பாத்தைக் கழற்றினார். முழங்காலில் நின்றார். மற்ற மூவரும் அவருக்குப் பின்னால் முழந்தாளிட்டார்கள், சிவகௌரியும் கும்பிட்டபடி இறங்கினாள். கதைக்கத்தானே கூடாது, செபிக்கலாம்தானே என்று செபமாலை மெல்லத் தொடங்கியது. வகுப்பிலிருந்த ஓய்வுபெற்ற ஜெர்மன்காரர் ஒருவர் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றார்.

விளக்கைப் போட்ட இரினா அப்படியே நின்றுவிட்டார்.

"இது படமும் இல்லை," என்றார் கடைசியில். "படத்தைப் பிடிச்ச படம். வெறும் வெளிச்சம்."

"தெரியும் ரீச்சர்," என்றார் அன்ரனிற்றா முழங்காலைத் தட்டியபடி. "அதுக்கென்ன?"

இரினா அடுத்த படத்தைப் போட்டார். அன்று முழுவதும் ஏதோ தொலைத்தவர் போல இருந்தார். ஆனால் அன்ரனிற்றாவுக்கு ரீச்சரைப் பிடித்துப்போயிற்று. இவ்வளவு மாதா படம் பார்த்த மனுசி எங்கள் மாதாவையும் பார்க்க வேண்டும், அதன் வயதைச் சொல்ல வேண்டும் என்று, படகுக் கதையையும் சொல்லி ஒற்றைக்காலில் நின்றார். ஒக்டோபர் பதினாலாம் திகதிக்கு, டெல்சி வீட்டுச் செபமாலைக்கு அழைப்புப் போனது. டெல்சியோ, அச்சுப்படம் எல்லாம் ஒரே மாதிரித்தானே, முகத்தைப் பார்த்து என்ன கண்டுபிடிக்க முடியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் வீட்டில் பதினைந்து பேர். இரினா ஐந்து வெள்ளைப் பூக்களோடு வந்தார். அன்ரனிற்றா அதோடு ஒரு ரோசாப்பூவைச் சேர்த்துச் சாடியில் வைத்தார். இரினா எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு பூவை மெல்ல உருவித் தன் கைப்பைக்குள் போட்டார். இரட்டை எண்ணிக்கையில் பூ வைப்பது செத்தவர்களுக்கு என்பது அவர்கள் வழக்கமாம். அது டெல்சிக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் எல்லோரும் கண்டது, ரீச்சர் மாதாவின் பூவைக் களவெடுத்ததைத்தான்.

செபமாலை முடிந்ததும் அன்ரனிற்றா படத்தைத் தூக்கி இரினாவின் கையில் கொடுத்தார். "வடிவாய்ப் பாருங்கோ ரீச்சர். எத்தினை வருசப் பழசு எண்டு சொல்லுங்கோ."

இரினா தன் கழுத்துச் சால்வையை மேசையில் விரித்தார். படத்தை அதன் மேல் முகம் குப்புற வைத்தார்.

"ஐயோ மாதாவே," என்றாள் பிளோறன்ஸ். சிவகௌரி கண்ணை மூடிக்கொண்டாள். தேநீர்த் தட்டோடு வந்த டெல்சி குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இரினா யாரையும் கவனிக்கவில்லை. செருகியிருந்த வேண்டுதல் கடதாசிகளை ஒன்றையும் விரிக்காமல், இருந்த ஒழுங்கிலேயே எடுத்து வரிசையாக வைத்தார். கைப்பையிலிருந்து ஒரு சின்ன மின்விளக்கை எடுத்தார். நகத்தால் மண்ணிறக் கடதாசியின் ஓரத்தை நெம்பினார். ஆறு வருடப் பசை சரசரவென்று விட்டது. அந்தச் சத்தம் குசினி வரைக்கும் கேட்டது.

உள்ளே டுசல்டோர்ஃப் அச்சகம் ஒன்றின் முத்திரை, ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தாறு. அதன் கீழே பென்சில் எழுத்து: அம்மாவுக்கு, ஹன்ஸ். பலகையின் ஒரு ஓரம் வாளால் அரிந்து வெள்ளையாக இருந்தது. குனிந்திருந்த இரினாவின் தோள் மறைத்ததில் வேறு யாரும் அதைக் காணவில்லை. மின்விளக்கு அந்த ஓரத்தில் நெடுநேரம் நின்றது. பிறகு இரினா தலையை நிமிர்த்தி நேரே டெல்சியைப் பார்த்தார். டெல்சி கெஞ்சவில்லை, தலையை அசைக்கவுமில்லை. தட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

"என்ன ரீச்சர், ஏதும் எழுதியிருக்கோ?" என்றார் அன்ரனிற்றா.

இரினா கடதாசியை மறுபடி அழுத்தி ஒட்டினார். பலகையின் ஓரத்தில் விரலை ஓட்டினார்.

"உப்பு," என்றார். "பலகையிலை உப்பு இருக்கு. கடல் உப்பு."

அன்ரனிற்றா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். "பார்த்தனீங்களே! பதினாலு வருசமாய்ச் சொல்லிறன், ஒருத்தரும் காது குடுக்கேல்லை. கடல் ஏறினது! இடுப்புக்குக் கடல் ஏறினது! ரீச்சர் கண்டுபிடிச்சிட்டா!" அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அந்தக் கதையைக் கேட்டு அலுத்தவர்கள் எல்லோரும் இப்போது வந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் பலகையின் ஓரத்தைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தார்கள். உப்புக் கரிக்கிறதுதான் என்றாள் சுபானி.

இரினா கடதாசிகளை ஒழுங்கு மாறாமல் செருகிவிட்டுத் தேநீர் குடிக்காமலே போய்விட்டார். டெல்சி தப்பிவிட்டாள். தப்பியதும் வரவேண்டிய நிம்மதிதான் வரவில்லை.

மறுநாள் காலை ஒரு பெட்டி நிறைய வடை எடுத்துக்கொண்டு அவள் இரினாவின் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை. நிலத்திலிருந்து கூரை வரை புத்தகம். சுவரில் ஒரு படம் இல்லை. ஆணி அடித்த அடையாளம் கூட இல்லை. வாழ்நாள் முழுக்கப் படத்தோடு கிடந்த மனுசியின் வீடு இப்படியா என்று டெல்சி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏன் ரீச்சர் எனக்காகப் பொய் சொன்னனீங்கள்?"

"எனக்கே விளங்கேல்லை," என்றார் இரினா. "இருபத்தாறு வருசத்திலை, கண்ணாலை காணாததைக் கண்டன் எண்டு ஒரு வரி எழுதினதில்லை. நேற்று என்ரை வாய்தான் சொன்னது. நான் சொல்லேல்லை."

பிறகு அவர் ஒரு புத்தகத்துக்குள்ளிருந்து நீலப் பிரதிக் கடதாசி ஒன்றை எடுத்தார். ரஷ்யாவிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே அருங்காட்சியகக் கடதாசி அதுதான்.

எழுபத்தோராம் ஆண்டு ஆடி மாதம். ஆறு வளையும் இடத்தில் ஒரு கிராமம். அங்கே தோணிக்காரன் ஒருவன், பெயர் புரோகோர். சிற்றாலயத்தை மூடியபோது அங்கிருந்த பெரிய மாதா படத்தை அவன் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் விளக்கேற்றி வைத்திருந்தான். இரினா மூன்று நாள் கேட்டும் தர மறுத்தான். நாலாம் நாள் இரினா சொன்னார்: பலகையைப் புழு தின்கிறது, கொண்டுபோய்ச் சுகப்படுத்தி, இரண்டு வருடத்தில் நானே திருப்பிக் கொண்டுவந்து தருவேன். ரசீதும் எழுதிக் கொடுத்தார், அதன் பிரதிதான் இந்த நீலக் கடதாசி. புரோகோருக்கு வாசிக்கத் தெரியாது. இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு தானே படத்தைத் தோணியில் வைத்து ஆற்றைக் கடத்திவிட்டான்.

"நான் பொய் சொல்லேல்லை டெல்சி. சொல்லேக்கை மெய்யாய்த்தான் சொன்னனான். இரண்டு வருசத்திலை படம் சுகமாயிட்டுது. இனி அது அரசாங்கச் சொத்து எண்டார் பணிப்பாளர். பின்பக்கத்திலை சிவப்பு மையாலை இலக்கம் எழுதவேணும். என்ரை கையெழுத்து வடிவெண்டு என்னைத்தான் எழுதச் சொன்னவை. எழுதினன்."

எழுபத்துநாலில் புரோகோர் நாலு நாள் பயணம் செய்து அருங்காட்சியகத்துக்கு வந்தான். வாசலில் நின்று ரசீதைக் காட்டினான். காவலாளி உள்ளே வந்து இரினாவிடம் சொன்னான். தான் விடுமுறையில் போய்விட்டதாகச் சொல்லச் சொன்னார் இரினா. களஞ்சிய அறைக் கதவுக்குப் பின்னால் நின்று, அந்த மனிதன் அதே கேள்வியை இரண்டு தரம் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்குப் பிறகு எனக்கு எந்தப் படத்தின்ரை முகத்தையும் முதல் பார்க்க ஏலாமல் போச்சு. பின்பக்கத்தைத்தான் முதல் பார்க்க வேணும் எண்டு மாணவர்களுக்குப் படிப்பிச்சன். எல்லாரும் அது ஒரு ஆராய்ச்சி முறை எண்டு எழுதி எடுத்தவை."

டெல்சி வடைப் பெட்டியைத் திறந்து முன்னால் வைத்தாள்.

"மற்றது எங்கை?" என்றார் இரினா திடீரென்று. "பேசாலைப் படம்?"

"கெல்லரிலை. பிளாஸ்ரிக் பையிலை சுத்தி வைச்சிருக்கிறன். மாதாவைக் குப்பையிலை போட ஏலுமே ரீச்சர்?"

இரினா மேலங்கியை எடுத்தார். இருவரும் பேருந்தேறி வந்து கெல்லருக்குள் இறங்கினார்கள். பூஞ்சணம் பிடித்த பலகையையும், ஒரு கடிதவுறைக்குள் டெல்சி சேர்த்து வைத்திருந்த கடதாசித் துண்டுகளையும் இரினா தன் சால்வைக்குள் வைத்தார். பிறகு டெல்சியின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு ரசீது எழுதினார். இந்தத் திகதியிலிருந்து இரண்டு வருடம், பதினைந்து ஒக்டோபர் இரண்டாயிரத்து ஆறு.

"ரசீது என்னத்துக்கு ரீச்சர்?" என்று டெல்சி சிரித்தாள்.

"என்னட்டை ரசீது வாங்காமல் ஒண்டையும் தராதேங்கோ."

அவர் சிரிக்கவில்லை. டெல்சி வாங்கிக்கொண்டாள்.

அந்த இரண்டு வருடத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த பருவத்தில் எட்டுப் பேர் சேரவில்லை, வகுப்பு நின்றது. அன்ரனிற்றா இரினாவைத் தத்தெடுத்த மாதிரி வைத்துக்கொண்டார். சோறு கறி அனுப்புவார். செபமாலைக்குக் கூப்பிடுவார். "இவதான் கடல் உப்புக் கண்டுபிடிச்ச ரீச்சர்" என்று புதிதாக வருகிற எல்லோருக்கும் காட்டுவார். ஒவ்வொரு முறையும் இரினாவின் முகம் சிவக்கும். அது அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒருமுறை டெல்சி அவர் வீட்டுக்குப் போனபோது, உருப்பெருக்கியும், கடதாசித் துண்டுகளைப் பிடிக்கும் சாவணமுமாக மேசையில் குனிந்திருந்தார். தான் திருத்த வேலை படித்தவரல்ல என்றார். அருங்காட்சியகத்தில் பக்கத்து மேசைக்காரர் செய்வதை இருபது வருடம் பார்த்த கை மட்டும்தான். இரண்டு மாதத்தில் மாதாவின் ஒரு விரல் தெளிந்திருந்தது. சந்தையில் சும்மா தந்தாலும் யாரும் எடுக்காத ஒரு அச்சுப்படத்துக்கு ஒரு மனுசி கண்ணைக் கொடுக்கிறாவே என்று டெல்சிக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"முகத்திலை இல்லாமல் போன இடத்தைக் கீறி நிரப்பிவிடுங்கோவன் ரீச்சர்."

"இல்லாததை நான் கீற மாட்டன்," என்றார். சொன்ன பிறகு சாவணத்தைக் கீழே வைத்தார். உப்பு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

இரண்டாயிரத்து ஆறு கோடையில் இரினாவுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. அந்த ஒக்டோபர் பதினாலாம் திகதிச் செபமாலைக்கு அவர் வரவில்லை. மறுநாள் ஞாயிறு மத்தியானம் டெல்சி பூசை முடிந்து வந்து சட்டை கூட மாற்றவில்லை, அதற்குள் மணி அடித்தது. மூன்று மாடியும் ஏறிய மூச்சிரைப்போடு இரினா நின்றார். கையில் வெள்ளைத் துணி சுற்றிய பொதி.

"திகதி சரிதானே?" என்பதுதான் முதல் வார்த்தை.

டெல்சிக்கு ஒரு நிமிடம் ஒன்றுமே பிடிபடவில்லை. இரினா துணியை விரித்தார். மாதாவின் ஒரு கண் இருந்தது. குழந்தையின் கைகள், தொங்கும் செருப்பு, ஒரு தேவதூதனின் செட்டை இருந்தன. மற்ற இடமெல்லாம் சுத்தமான வெறும் பலகை. அந்த ஒரு கண்ணை டெல்சிக்குத் தெரியும். பேசாலையில் மாமி வீட்டுக்கு மருமகளாக வலது காலை வைத்தபோது நேரெதிரே நின்று பார்த்த கண் அது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இரினா மேலங்கியையும் கழற்றாமல் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "ரசீதைத் தாங்கோ."

ரசீது எங்கே? டெல்சி அலுமாரியைத் திறந்தாள். விசாக் கடதாசி, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடதாசி, விண்ணப்பக் கடதாசி எல்லாவற்றையும் இழுத்துக் கொட்டினாள். இல்லை.

"துலைஞ்சு போச்சுப் போல ரீச்சர். பரவாயில்லை, வைச்சிட்டுப் போங்கோ."

"ரசீது இல்லாமல் தர ஏலாது."

"ஐயோ, என்ரை படம்தானே! நான்தானே கேக்கிறன்!"

"ரசீது வேணும்," என்றார் இரினா. படத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். டெல்சிக்கு அப்போதுதான் உறைத்தது, இந்த மனுசி இங்கே என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, அந்தத் தோணிக்காரனைப் பார்த்துத்தான் கேட்கிறா. அந்த நேரத்தில்தான் ஞாபகமும் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன், ரசீதை எங்கே வைப்பதென்று தெரியாமல், எல்லாப் பெண்களும் வைக்கிற இடத்திலேயே அவளும் வைத்திருந்தாள்.

முந்தின நாள் செபமாலை முடிந்து படம் மேடையில் இருந்தது. டெல்சியே அதைத் தூக்கி மேசையில் முகம் குப்புற வைத்தாள். வேண்டுதல் கடதாசிகளுக்கு நடுவில் ரசீது மடித்தபடி இருந்தது. இரண்டு வருடமாக ஒவ்வொரு வீட்டு மெழுகுதிரிக்கு முன்னாலும் இருந்துவிட்டு வந்திருக்கிறது. டெல்சி அதன் கீழே, 'படம் திரும்பக் கிடைத்தது' என்று எழுதித் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தாள்.

"வாசியுங்கோ," என்றார் இரினா.

டெல்சி வாசித்தாள்.

"இன்னொருக்கால்."

இன்னொரு தரமும் வாசித்தாள். இரினா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரீச்சர், இப்ப இதிலை எது மெய்யான மாதா? எதை முன்னுக்கு வைக்கிறது? எனக்கு எட்டு வருசமாய்த் தலை சுத்துது."

"என்னைக் கேளாதேங்கோ. வயசு சொல்லுவன், மரம் சொல்லுவன். இது எனக்குத் தெரியாது."

டெல்சி கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மண்ணிறக் கடதாசியைக் கிழித்தாள். ஹன்ஸ் தன் அம்மாவுக்குக் கொடுத்த மாதாவுக்குப் பின்னால் பேசாலை மாதாவை வைத்தாள். சட்டம் இரண்டையும் தாங்கியது. ஆணியைத் திருப்பப் போகும்போது இரினா அவள் கையைப் பிடித்தார். கைப்பையிலிருந்து அந்த நீலப் பிரதிக் கடதாசியை எடுத்தார்.

"மற்றாக்களின்ரை கடதாசியோடை இதையும் வைக்கலாமோ?"

"நீங்கள் நம்பாதனீங்களெல்லோ ரீச்சர்?"

"நம்பிறேல்லை."

"பிறகேன்?"

"தெரியேல்லை," என்றார் இரினா. "அந்த மனுசன் வாசல்லை நிண்டு காட்டேக்கை ஒருத்தரும் வாங்கிப் பார்க்கேல்லை."

டெல்சி அதை வாங்கி இரண்டு மாதாவுக்கும் நடுவில் வைத்து ஆணிகளைத் திருப்பினாள்.

அன்று பின்னேரம் பிளோறன்ஸ் வீட்டு முறை. படத்தை எடுத்துப் போக வந்த அன்ரனிற்றா அதைத் தூக்கினார், தூக்கியவர் உடனேயே கீழே வைத்தார்.

"என்ன பிள்ளை, மாதா இந்த முறை இப்பிடிப் பாரமாய் இருக்கிறா?"

டெல்சி வாய் திறப்பதற்குள் இரினா கதிரையிலிருந்து எழும்பிவந்து சட்டத்தின் மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.

"ஓம். பாரம்தான்," என்றார்.

மூன்று மாடிப் படியும் அன்ரனிற்றாவும் அவருமாகத்தான் இறக்கிக்கொண்டு போனார்கள்.